கோபுரம் இருக்கிறது, சிக்னல் எங்கே?

2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்து செல்போன் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ரூபாயாயிற்று. ஏர்டெல்லின் 179 ரூபாய்த் திட்டம் 199 ரூபாயாயிற்று.

மக்கள் வாய்மூடிக் கிடக்கவில்லை. அந்த ஒரே மாதத்தில் பொதுத்துறை ஸ்தாபனமான பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 29 லட்சம் சந்தாதாரர்கள் கூடினர். மூன்று தனியார் கம்பெனிகளிலும் சந்தாதாரர்கள் குறைந்தனர்.

மாறி வந்தவர்கள் கண்டது என்ன? பல ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மில்லுக்குள் இல்லை. கரண்ட் போனால் கோபுரமும் படுத்துவிடுகிறது. பாங்கியின் ஓ.டி.பி. வந்து சேருவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடுகிறது. நாளை நடவுக்கு வா என்று அழைக்கும் போன் வராவிட்டால் விவசாயத் தொழிலாளியின் ஒருநாள் கூலி போயிற்று! வேறு கம்பெனிக்குப் போகலாமென்றால், மாறிய நாளிலிருந்து 90 நாள் பொறுத்திருக்க வேண்டும் என்கிறது விதி.

மலிவுக்கு ஆசைப்பட்டவர்கள் அனுபவிக்கட்டும் என்று சிலர் கேலி பேசுகிறார்கள். சம்பளத்தில் நாலு காசு மிச்சம் பிடிக்க நினைப்பது குற்றமா? குற்றவாளி யார் என்று பார்ப்போம்.

ஜியோ 4ஜி சேவையைத் தொடங்கியது 2016 செப்டம்பரில். பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைவரிசை தர மத்திய மந்திரி சபை முடிவு செய்ததோ 2019 அக்டோபரில். 2020ல் கருவி வாங்கும் டெண்டர் ரத்தாயிற்று. உள்நாட்டுக் கருவிகளால் அமைந்த 4ஜி சேவையை நாடு முழுவதற்கும் பிரதமர் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27ல். ஒன்பது ஆண்டுகள்! உள்நாட்டுக் கருவியை நாம் வரவேற்கிறோம். ஆனால் இத்தனை ஆண்டுத் தாமதத்துக்குச் சர்க்கார்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே, விருப்ப ஓய்வு என்ற பெயரில் சுமார் 78,000 ஊழியர்கள் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினர். ஊழியர்களில் பாதிக்கு மேல்! மாட்டை அவிழ்த்துவிட்டு, ஏரையும் பிடுங்கிக்கொண்டு, ஏன் உழவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

2024 நவம்பரில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்கள் மீண்டும் குறைந்தனர். கம்பெனிகள் விரும்புவதும் இதைத்தான். கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையை டிராய் கம்பெனிகளிடமே விட்டுவைத்திருக்கிறது. பொதுத்துறை நொடித்தால் அவர்கள் கேட்டதுதான் விலை.

ஆகவே நாம் கோருகிறோம்: கரண்ட் போனாலும் கோபுரங்கள் இயங்க பாட்டரியும் டீசலும் வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். சிக்னல் கிடைக்காதவர்களை 90 நாள் கட்டிப்போடக் கூடாது. கட்டண உயர்வுக்குச் சட்டப்படி வரம்பு வேண்டும்.

தோழர்களே! சிக்னல் கிடைக்காத தெருவையும் சேரியையும் மில் கேட்டையும் குறித்து, கையெழுத்து வாங்கி, தொலைபேசி அதிகாரிகளிடம் மனுக் கொடுங்கள். அங்கே எஞ்சியிருக்கும் ஊழியர்மீது கோபத்தைக் காட்டாதீர்கள். அவர்களும் நம்மைப் போன்ற தொழிலாளிகளே. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்!