விருந்தாளிகளால் திணறும் கியோட்டோ!
2 நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பஸ் வந்து நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மூதாட்டி ஒருவர் கைத்தடியுடன் காத்திருக்கிறார். ஆனால் பஸ்சில் கால் வைக்க இடம் இல்லை. உள்ளே வெளியூர்க்காரர்கள். அவர்களுடைய பெரிய பெரிய பெட்டிகள்! பஸ் போய்விடுகிறது. மூதாட்டி நிற்கிறார்.

ஜப்பான் நாட்டில் உள்ள கியோட்டோ நகர மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் குறை இதுதான். "எங்கள் ஊர் பஸ்சில் எங்களுக்கே இடம் இல்லையே!" என்கிறார்கள்.

உல்லாசப் பயணிகள் வந்தால் ஊருக்குப் பணம் வரும். அது நல்லதுதானே? பிறகு ஏன் இந்தக் குறை? அங்கே 2 நாள் போய் வர விரும்புகிறவர்கள் எப்படித் திட்டம் போடுவது? பார்ப்போம்.

குண்டுக்குத் தப்பிய ஊர்

கியோட்டோ, 794-ம் ஆண்டில் ஜப்பானின் தலைநகரம் ஆயிற்று. 1869-ம் ஆண்டில் சக்கரவர்த்தி டோக்கியோவுக்குக் குடிபோனார். அதுவரை, 1,000 ஆண்டுகளுக்கு மேலாக, சக்கரவர்த்திகள் வாழ்ந்த ஊர் இது.

1945-ம் ஆண்டில் அணுகுண்டு போடுவதற்காக அமெரிக்கா தயாரித்த பட்டியலில் கியோட்டோவும் இருந்தது! அமெரிக்க யுத்த மந்திரி ஹென்றி ஸ்டிம்சன் அதை எதிர்த்தார். "அந்த ஊர் வேண்டாம்" என்று பிடிவாதமாக நின்று, பட்டியலில் இருந்து நீக்கச் செய்தார். கியோட்டோ தப்பியது.

அதனால்தான் பழைய கோவில்களும், மர வீடுகளும் இன்றும் அங்கே நிற்கின்றன. 1994-ம் ஆண்டில் கியோட்டோவிலும், அதை அடுத்த ஊர்களிலும் உள்ள 17 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக "யுனெஸ்கோ" அறிவித்தது.

கூட்டம் பெருகியது ஏன்?

முதல் காரணம், ஜப்பான் நாணயமான "யென்" மதிப்பு இழந்தது.

2012-ம் ஆண்டில் ஒரு அமெரிக்க டாலரைக் கொடுத்தால் சுமார் 80 யென் கிடைத்தது. 2024 ஜூலையில் 160 யென்னுக்கு மேல் கிடைத்தது. அதாவது, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜப்பான் பாதி விலையில் கிடைக்கும் நாடாகிவிட்டது!

2012-ம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டினர் 83 லட்சம் பேர். 2024-ம் ஆண்டில் வந்தவர்கள் 3 கோடியே 68 லட்சம் பேர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் டோக்கியோ, ஒசாகா, கியோட்டோ ஆகிய ஊர்களைத்தான் நாடுகிறார்கள். டோக்கியோவில் "புல்லட்" ரெயில் ஏறினால் சுமார் 2¼ மணி நேரத்தில் கியோட்டோ வந்துவிடும்.

கியோட்டோவின் ஜனத்தொகை சுமார் 14 லட்சம். 2024-ம் ஆண்டில் அங்கு வந்து போனவர்களோ, ஜப்பானியரையும் சேர்த்து, 5 கோடிக்கும் அதிகம்!

நகரசபை நடத்தும் சுரங்க ரெயில் பாதைகள் இரண்டே இரண்டு. புகழ்பெற்ற கோவில்கள் பல, ரெயில் நிலையங்களில் இருந்து தள்ளி இருக்கின்றன. ஆகவே எல்லோரும் பஸ்சில் ஏறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும், நோயாளிகளுக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதே பஸ்தான்.

"வராதீர்கள்" என்று சொல்ல முடியாது

அப்படியானால் பயணிகளைத் தடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

சுரங்க ரெயில் பாதை போட்டதில் நகரசபைக்குக் கடன் சுமை ஏறியது. கோவில் கட்டிடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. ஊரின் அழகு கெடாமல் இருக்க, உயரமான கட்டிடங்களுக்கும் தடை உண்டு. நகரின் நடுப்பகுதியில்கூட 31 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது. மாணவர்களும் அதிகம். அவர்களால் நகரசபைக்கு வரும் வரி குறைவு. இதனால் எல்லாம் வருமானம் குறைந்தது.

கொரோனா காலத்தில் பயணிகள் வரவில்லை. 2021-ம் ஆண்டில், "இப்படியே போனால் 10 ஆண்டுகளுக்குள் நகரசபை திவாலாகிவிடும்" என்று மேயரே எச்சரிக்கை செய்ய நேர்ந்தது!

கூட்டம் வந்தாலும் கஷ்டம். வராவிட்டாலும் கஷ்டம். இதுதான் கியோட்டோவின் நிலை.

கோவில்கள் கதவடைத்தன

கோவில் பார்க்க வருகிறவர்களிடம் வரி வாங்க, நகரசபை ஒருமுறை முயன்றது. 1985-ம் ஆண்டில் ஆளுக்கு 50 யென் வரி விதித்தார்கள். கோவில்காரர்கள் கோபம் கொண்டார்கள். "கடவுளை வணங்க வருகிறவர்களிடம் வரியா?" என்று கேட்டு, பெரிய கோவில்கள் பல கதவைச் சாத்திவிட்டன! ஓட்டல்களும், கடைகளும் வியாபாரம் இன்றித் தவித்தன. 1988-ம் ஆண்டில் அந்த வரி ஒழிந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, கோவிலைத் தொடாமல் கட்டிலைத் தொட்டார்கள். 2018-ம் ஆண்டில், ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு வரி வந்தது. 2026 மார்ச் முதல் அது உயர்த்தப்பட்டது. ஒருவர் ஒரு இரவு தங்க, வாடகையைப் பொறுத்து 200 யென் முதல் 10,000 யென் வரை வரி.

ஒரு கணவனும் மனைவியும் 2 இரவு தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு இரவு வாடகை 15,000 யென். முன்பு இவர்களுக்கு மொத்த வரி 800 யென். இப்போது 1,600 யென், அதாவது ஏறத்தாழ 900 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய சுமை அல்ல. 1 லட்சம் யென் வாடகை கொடுக்கும் பணக்காரருக்குத்தான் 10,000 யென்.

பஸ்சிலும் மாற்றம்

பஸ்சில் நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஒரு மலிவு டிக்கெட் இருந்தது. கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்டு, 2023-ம் ஆண்டில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். பஸ், சுரங்க ரெயில் இரண்டுக்கும் சேர்த்து உள்ள டிக்கெட்டை வாங்கச் சொன்னார்கள்.

2024 ஜூனில் பயணிகளுக்கென்று தனி எக்ஸ்பிரஸ் பஸ்கள் வந்தன. விடுமுறை நாட்களில் ஓடும் இந்தப் பஸ்கள் முக்கியமான இடங்களில் மட்டும் நிற்கும். அப்போது சாதாரண பஸ்சில் கட்டணம் 230 யென். இதில் 500 யென்.

"கியோன்" என்ற பேட்டையில் பரம்பரை ஆடல் பாடல் கலைஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்களைத் துரத்திப் போட்டோ பிடிப்பதும், சட்டையைப் பிடித்து இழுப்பதும் நடந்தது. பேட்டை மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024-ம் ஆண்டில், அங்குள்ள தனியார் சந்துகளில் பயணிகள் நுழையத் தடை போட்டார்கள். மீறினால் 10,000 யென் கட்ட வேண்டும் என்று பலகை வைத்தார்கள்.

உண்மையான கோளாறு எது?

கியோட்டோ சின்ன ஊர் அல்ல. கோவில்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் வருகிற எல்லோரும், காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை, அதே ஏழெட்டு இடங்களில் போய்க் குவிகிறார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. வரியால் இதைத் தீர்க்க முடியாது. பயணி தன் நேரத்தை மாற்றிக்கொண்டால் பாதி தீரும். அதில் அவருக்கும் லாபம்!

2 நாள் திட்டம்

ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி மரங்கள் பூக்கும். நவம்பர் கடைசியில் இலைகள் சிவக்கும். இரண்டும் அழகு. ஆனால் கூட்டமும், வாடகையும் உச்சத்தில் இருக்கும். நெரிசல் வேண்டாம் என்பவர்கள் குளிர்காலமான ஜனவரி, பிப்ரவரியில் போகலாம்.

பெரிய பெட்டிகளைப் பஸ்சில் ஏற்றவே கூடாது. ஒரு ஓட்டலில் கொடுத்தால் அடுத்த ஊர் ஓட்டலில் சேர்க்கும் பார்சல் வசதி ஜப்பானில் உண்டு. கையில் சின்னப் பையுடன் போகலாம்.

முதல் நாள்: கியோமிசு கோவில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் போக வேண்டும். மலைச்சரிவில், 13 மீட்டர் உயர மரத்தூண்கள் மீது நிற்கும் அதன் மேடை 1633-ம் ஆண்டில் கட்டப்பட்டது. அங்கிருந்து பழைய தெருக்கள் வழியாகக் கியோன் பேட்டை வரை நடந்தே இறங்கலாம். பஸ் தேவை இல்லை.

பிறகு சஞ்சூசங்கெண்டோ கோவில். நீளமான ஒரே மண்டபத்தில் 1,001 கண்ணோன் சிலைகள் வரிசையாக நிற்கின்றன! அவற்றின் காவல் தெய்வங்களாக நிற்பவர்களில் பலர், புத்த மதத்துடன் இந்தியாவில் இருந்து போனவர்கள். இந்திரனை அங்கே காணலாம்.

இரண்டாம் நாள்: விடியற்காலையில் புஷிமி இனாரி. கியோட்டோ நிலையத்தில் இருந்து நாரா பாதையில் சாதாரண ரெயில் ஏறினால் இரண்டாவது நிலையம். இந்தக் கோவிலுக்கு இரவும் பகலும் போகலாம். கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்கான செந்நிற வளைவுகள் மலை மேல் தொடர்ந்து போகின்றன. பலர் அடிவாரத்திலேயே படம் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறினால் அமைதி கிடைக்கும். போய்வர 2 மணி நேரம் பிடிக்கும்.

அடுத்து நிஜோ கோட்டை. சுரங்க ரெயில் வாசல் அருகிலேயே விடும். கடைசியாகத் தங்கக் கோவில். 1950-ம் ஆண்டில் ஒரு இளந்துறவி இதற்குத் தீ வைத்துவிட்டார். 1955-ம் ஆண்டில் பழையபடியே கட்டினார்கள். கிதாஒஜி நிலையம் வரை சுரங்க ரெயிலில் போய், அங்கிருந்து சிறிது தூரம் மட்டும் பஸ்சில் போவது நல்லது.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கும். கோவில்களை ஒட்டிக் கிடைக்கும் துறவியர் சாப்பாட்டில் மீனும் இல்லை, மாமிசமும் இல்லை. சோயா பாலில் செய்த தோஃபுக் கட்டி அதில் முக்கியம்.

இந்தத் திட்டத்தில் பஸ்சில் ஏறுவது ஒன்றிரண்டு முறைதான். காசு மிச்சம், நேரம் மிச்சம். கைத்தடியுடன் நிற்கும் மூதாட்டிக்கும் பஸ்சில் ஒரு இடம் மிச்சம்!