பாதித் தண்ணீரில் திரும்பினோம்

லாஸ் வேகாஸிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம், 'வேலி ஆஃப் ஃபயர்'. பெயருக்கேற்ற நெருப்புப் பள்ளத்தாக்கு! டைனோசர் காலத்து மணல் மேடுகள் இறுகிப் பாறையானவை. இரும்பு துருவேறிய இடம் சிவப்பு. இரும்பு கரைந்துபோன இடம் வெளிர் மஞ்சள்.

'ஃபயர் வேவ்' பாறையைப் பார்க்க மகளுடன் நடந்தேன். நிழலே இல்லை. பாதி தூரம்கூடப் போகவில்லை, பாட்டிலில் பாதி காலி.

"இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதாம்மா?" என்று அவளுக்குக் கோபம். திரும்பிவிட்டோம்.

அட்லாட்டல் பாறைக்குக் காரை நிறுத்திப் படியேறினாலே போதும். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் பழங்குடியினர் செதுக்கிய ஆடுகள்! அவள் கோபம் போயே போச்சு.

கோடையில் பல நடைபாதைகளை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் போங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பாதி தீர்ந்தால், யார் கோபித்தாலும் திரும்பிவிடுங்கள்!