இரண்டு பேருக்குச் சாப்பாடு

"வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்." இதைச் சொல்லாத வீடு ராயப்பேட்டையில் உண்டா? புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த நாளில் 'மான்ழே பூர் தெ' என்று அந்த மொழியிலும் இதையே கேட்டிருக்கிறேன். பாட்டிகளின் கணக்கு எங்கும் ஒன்றுதான். தப்பான கணக்கு.

கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி, பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் 600 என்கிறது ஐ.சி.எம்.ஆர். 350 என்றால் ஏறக்குறைய மூன்று இட்லியும் ஒரு டம்ளர் பாலும். இன்னொரு இலைச் சாப்பாடு அல்ல.

நம் மனசில் கர்ப்பிணி என்றால் இன்னும் எலும்பும் தோலும்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதற்கு முந்தைய ஆய்வில் 30.9. சோகை இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பருமனான பெண்ணுக்கும் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு திட்டப் பெட்டகத்தில் நெய்யும் பேரீச்சம்பழமும் வருகின்றன. மெலிந்தவளுக்கு அது வரம். 85 கிலோ இருப்பவளுக்கும் அதே நெய் எதற்கு?

வருஷக்கணக்காக ரிஜிஸ்டர் எழுதியவன் நான். கட்டத்தை நிரப்புவது வேறு, படிப்பது வேறு. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு ஏழாம் மாதம் சர்க்கரை வந்தது. அட்டையில் மாதாமாதம் எடை எழுதியிருந்தார்கள். "அது அதிகம்னு யாரும் சொல்லலை மாமா" என்றாள். ஏற்கெனவே பருமனான பெண்ணுக்கு ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்று அமெரிக்க நிபுணர்கள் 2009-லேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் போனால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிசேரியன் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்ப காலச் சர்க்கரைக்காக உழைத்த நம் சென்னை டாக்டர் சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10-ஐ விழிப்புணர்வு நாளாகவே வைத்திருக்கிறோம். எடையைப் பற்றி மட்டும் பேச்சு மூச்சு இல்லை.

பிரசவம் ஆனதும் அடுத்த கூத்து. "பால் ஊறணும்" என்று நெய் ஒழுக அல்வா, நாற்பது நாள் படுக்கை. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும், அல்வாவால் அல்ல. அதிக எடை இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும் என்பதே மருத்துவம். பூண்டும் மிளகும் அளவான சோறுமாக இருந்த பழைய பத்தியம் எவ்வளவோ தேவலை.

இதைப் படிக்கிற மாமியார்களே, அடுத்த வளைகாப்பில் மூன்றாம் தடவை சாதம் போடப் போகும்போது அந்தப் பெண் கையால் இலையை மறைத்தால், கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போங்கள்.