கூழுக்குக் கிடைத்த மரியாதை

சித்திரை வெயிலில் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் நிற்கும் கூழ் வண்டியைச் சுற்றி இன்று எல்லோரும் நிற்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர், கட்டிடத் தொழிலாளி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. கம்பெனி இளைஞர். சொம்பில் கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும். அதே கேழ்வரகு பெரிய கடைகளில் 'சிறுதானியம்' என்ற பெயரில் பளபளப்பான பைக்குள் ஏறிவிட்டது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது.

இதைப் பார்த்து நம் வீட்டுக் கிழவிகள் சிரிக்கிறார்கள். செங்கல்பட்டுச் சீமையில் ஏரிப் பாசன நெல்லை நட்டவர்கள், அறுத்தவர்கள், அடித்துத் தூற்றியவர்கள் சேரி மக்கள். அவர்கள் குடித்ததோ கூழ். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். 'கூழு குடிக்கிறவன்' என்பது அன்று வசவு. தூக்குவாளியில் கூழ் கொண்டுபோன பிள்ளைகள் பள்ளியில் மூடியை முழுதாகத் திறக்கக் கூச்சப்பட்டார்கள்.

அந்தக் கூச்சத்தைப் போக்கியது அரிசி. 1960களின் பிற்பகுதியில் அதிக விளைச்சல் தரும் குட்டை நெல் ரகங்கள் வந்தன. ரேஷன் கடைகள் பெருகின. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. இலவச அரிசியை ஏளனம் செய்கிறவர்கள் அடுப்பு எரியாத வீட்டில் ஓர் இரவுகூடப் படுத்திருக்க மாட்டார்கள். ஆனால் மூன்று வேளையும் அரிசியாகிப்போனதில் இன்னொன்றும் நடந்தது. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் நம் தாய்மார்களிடம், 'அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு சாப்பிடுங்கள்' என்கிறார் டாக்டர். அதை வாங்கப் போனால் ரேஷன் அரிசியைப் போல அது சும்மா கிடைப்பதில்லை.

காலம் மாறினால் உணவும் மாறும், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நாம் குடிப்பதையே எடுத்துக்கொள்வோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சாதாரணத் தமிழ் வீடுகளில் காப்பியும் இல்லை, டீயும் இல்லை. விடிந்தால் நீராகாரம். காப்பி புதிதாக வந்த பண்டம்; அதற்குச் சாஸ்திரமும் கிடையாது, சம்பிரதாயமும் கிடையாது. ஆனாலும் காப்பி கிளப் வந்ததுமே அதன் வாசலில் 'பஞ்சமர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையும் வந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் எதிர்த்துப் போராடிய பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. தாம்பரத்துக்கு மின்சார ரயிலே 1931இல் வந்துவிட்டது. ரயில் ஓட ஆரம்பித்துப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் சாப்பாட்டு மேசை ஒன்றானது!

அதன் பிறகு டீக்கடை, கூடவே இரட்டைக் குவளை. 1955ஆம் ஆண்டுச் சட்டமே இதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சொல்கிறது. குவளை ஒழிந்ததா? தாம்பரத்தில் ரயில் பிடிக்க ஓடுகிறவருக்குப் பேப்பர் கப் ஒரு வசதி. சில கிராமங்களில் அதே பேப்பர் கப் சேரிக்காரருக்கு, கண்ணாடி டம்ளர் ஊர்க்காரருக்கு. புகார் கொடுக்கப் போனால், 'சுத்தமான புதுக் கப்பில்தானே தருகிறோம்' என்று கடைக்காரர் பதில் சொல்வார்.

ஆக, கூழ் மேலேறியது அதன் சத்தால் அல்ல. சத்து அன்றைக்கும் இருந்தது. குடிக்கிற ஆள் மாறியதும் அதற்கு மரியாதை வந்தது. மாட்டுக்கறியிலும் சத்துக்குக் குறைவில்லை. ஏழை வீட்டுக்கு மலிவாகக் கிடைக்கிற புரதம் அது. அதற்கு ஏன் இந்த மரியாதை வரவில்லை? 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாவட்ட நிர்வாகமே மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றது. மாட்டிறைச்சி உண்ணத் தமிழ்நாட்டில் தடை இல்லை. ஆம்பூரில் அது விற்காத நாளும் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

ஆம்பூர் தூரம் என்று நினைக்க வேண்டாம். 1937இல் கிறித்தவக் கல்லூரி வந்த நாளிலிருந்து தாம்பரம் மாணவர்களின் ஊர். ஜூன் மாதம் பிறந்தால் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் தெருக்களில் அறை தேடுகிறார்கள். 'சைவம் மட்டும்' என்று விளம்பரம் இருக்கும். விளம்பரத்தில் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் முதலில் ஊர் பேரைக் கேட்பார், அப்புறம் அப்பா என்ன வேலை என்பார், கடைசியில், 'வீட்டில் என்ன சமைப்பீர்கள்?'

2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேர் அசைவம். அப்படியானால் இத்தனை வீடுகள் யாருக்காகப் பூட்டிக் கிடக்கின்றன? வீட்டுக்காரர்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேண்டும். அவர்கள் உணவை விசாரிக்கவில்லை. சாதியைக் கேட்டால் சட்டம் இருக்கிறது, சாப்பாட்டைக் கேட்டால் பிடி கிடைக்காது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். டீக்கடைக் குவளையைச் சட்டத்தின் முன் வைக்க முடிந்தது. 'எங்களுக்குக் கவிச்சி வாசனை ஆகாது' என்ற பதிலை எப்படி வைப்பது?

எழுதித்தான் வைக்க வேண்டும். இந்த ஆண்டு அறை தேடும் மாணவர்கள், மறுத்த வீட்டின் விளம்பரத்தைப் படம் எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதிலை அழித்துவிடாதீர்கள். தேதி, தெரு, சொன்ன காரணம், மூன்றையும் குறித்து ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஒரு புகாரைத் தள்ளிவைக்கலாம். ஒரே கல்லூரியிலிருந்து ஐம்பது புகார் போனால் கோப்பு திறக்கும். ஆம்பூர் பிரியாணிக்கு விளக்கம் கேட்ட ஆணையம், குரோம்பேட்டை வாடகை வீட்டுக்கும் கேட்கட்டும்.