சொன்ன பேச்சு கேட்கும் தீப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. ஓட்டப்பிடாரத்தில் அந்த நேரத்துக்குத் திறந்திருப்பது வானம் மட்டும்தான். அப்போதுதான் என் சீமந்த புத்திரன் வாயைத் திறந்தான்.

"அப்பா, உராய்வு விசைக்கு ஒரு பொம்மை செஞ்சு கொண்டு போகணும்."

"என்னைக்குல?"

"நாளைக்கு."

"எப்பச் சொன்னாங்க?"

"போன திங்கக்கிழமை."

வீட்டில் உராய்வு ஆரம்பமானது. "புள்ளையத் திட்டாதீங்க, நீங்கதான் பி.எஸ்ஸி. பிசிக்ஸாச்சே" என்றாள் மனைவி. ஆபீஸில் இருபது வருஷமாக ஃபைல் தள்ளுகிறவனிடம் பிசிக்ஸ் எங்கே மிஞ்சியிருக்கும்? விட்டுக்கொடுக்க முடியுமா? கோவில்பட்டிச் சீமையில் எது இல்லாவிட்டாலும் தீப்பெட்டி இருக்கும். ஒன்றை எடுத்தேன்.

"இதாம்ல உராய்வு! பெட்டி ஓரத்துல சிவப்பு பாஸ்பரஸ், குச்சித் தலையில பொட்டாசியம் குளோரேட். உரசினா சூடு, சூட்டுல நெருப்பு. 1827-லயே இங்கிலாந்துல ஜான் வாக்கர்னு ஒருத்தர் உரசுற குச்சியை வித்திருக்கார்."

"நெருப்புக் கொண்டு வரக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு."

குச்சிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு நூலைக் கோத்தேன். "பாரு, இது உராய்வுல மெதுவா இறங்கும்." நூலை நிமிர்த்திப் பிடித்ததும் பெட்டி சர்ரென்று விழுந்தது. மூன்று தடவை. மூன்றாவது தடவை மனைவி சிரித்தேவிட்டாள்.

கட்டிலிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். "நேரா விட்டா விழத்தானல செய்யும்? கொண்டா இங்க."

விளக்குமாற்றுக் குச்சியில் ஒரு துண்டு ஒடித்தாள். அடிப்பெட்டிக்குள் குறுக்கே இறுக்கிச் செருகினாள். நூலை அந்தக் குச்சிக்கு மேலே வளைத்து, மறு ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மேல்பெட்டியை மூடினாள். நூலின் கீழ் முனையைக் காலால் மிதித்து, மேல் முனையைக் கையில் பிடித்தாள்.

"இறங்கு" என்று நூலைத் தளர்த்தினாள். இறங்கியது. "நில்லு" என்று இழுத்துப் பிடித்தாள். அந்தரத்தில் நின்றது!

இப்போது எனக்குப் பிசிக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. நூலை இறுக்கினால் வளைவில் அது குச்சியை அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். பெட்டியின் எடையை அது தாங்கிக்கொள்ளும். தளர்த்தினால் பிடி விட்டுப்போகும். சைக்கிள் பிரேக்கும் இதே சங்கதிதான்.

"ஆச்சி, உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"யாரு சொல்லித் தரணும்? உன் வயசுல தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே நாங்க விளையாடினதுய்யா. கணக்குப்பிள்ளை பாத்துட்டா வசவுதான்."

"பள்ளிக்கூடம் போகலியா?"

"நாலாப்போட சரி. ஒரு குரோஸுன்னா நூத்தி நாப்பத்திநாலு பெட்டி. அந்தக் கணக்கு போதும்னுட்டாங்க."

பையன் கம்மென்று ஆகிவிட்டான். நானும்தான். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. அப்போது அம்மாவின் இடுப்பில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் விரல் நுனி சொரசொரப்பு, பாத்திரம் தேய்த்து வந்தது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பொம்மைக்குச் செலவு ஒரு தீப்பெட்டி. ஒரு ரூபாயிலேயே 14 வருஷம் நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய்க்கு ஏறிய சரக்கு. அதற்கும் யாரோ நூலை இழுத்துப் பிடித்திருந்தார்கள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் பையன் குதித்துக்கொண்டு வந்தான். "ஆச்சி! பத்துக்குப் பத்து!"

அம்மா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒத்தப் பெட்டிக்கா பத்து? அப்பல்லாம் எனக்கு இப்படி ஒருத்தனும் குடுக்கலியே!"