விலைக்கு வரும் பனி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பனியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று சொன்னால், மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டே முதல் பேருந்துக்கு ஓடும் நம் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். ஐரோப்பாவின் வடகோடியில், பின்லாந்து நாட்டின் லாப்லாந்துப் பகுதியில், குளிர்காலந்தோறும் பனி நாள் கணக்கில் விலை போகிறது. விமானச் சீட்டு, மர வீட்டில் தங்கல், உணவு, உடம்பை மூடும் தடித்த உடுப்பு, கனத்த காலணி, ஹஸ்கி நாய்கள் இழுக்கும் வண்டியில் ஒரு சவாரி, ரெயின்டீர் எனப்படும் பனிமான் இழுக்கும் வண்டியில் மற்றொன்று, ஸ்னோமொபைலில் காட்டுக்குள் ஒரு சுற்று, இரவில் துருவ ஒளியைத் தேடி ஓர் அலைச்சல், கடைசியாகக் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு ஒரு நிழற்படம். எல்லாம் சேர்த்து ஒரே விலை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் இருவகையினர் எழுவர். "கொழுத்தவன் கேளிக்கை, நமக்கென்ன?" என்பார் ஒருவர். "வாழ்ந்தால் அப்படி வாழவேண்டும்" என்று பெருமூச்சு விடுவார் மற்றவர். இரண்டு கட்சியிலும் எனக்கு இடமில்லை. விற்பவர் யார், விற்கப்படும் பொருள் யாருடையது என்று கேட்க விரும்புகிறேன்.

முதலில், அங்குள்ளவர்கள் பக்கம் நின்று ஒரு சொல். இந்த வணிகத்தின் தலைநகரம் ரொவானியெமி. 1944 அக்டோபரில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்த ஊரைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. பத்தில் ஒன்பது பங்கு கட்டடங்கள் சாம்பலாயின. கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ, பனிமானின் தலையும் கொம்புகளும் போன்ற தெரு அமைப்போடு புதிய நகருக்குத் திட்டம் வரைந்தார். 1950-இல் அமெரிக்காவிலிருந்து எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அந்த மறுசீரமைப்பைப் பார்க்க வந்தபோது, ஆர்க்டிக் வட்டத்தருகே அவருக்கென அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். சுற்றுலாவின் விதை அந்தக் குடில்தான். பிறகும் அந்த நிலத்தில் காட்டுவேலை குறைந்தது. 1960-களில் இளைஞர் கூட்டங்கூட்டமாகத் தெற்கு நகரங்களுக்கும் ஸ்வீடனுக்கும் பிழைக்கப் போனார்கள். 1984 கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டனிலிருந்து ஒலியை விஞ்சும் கான்கார்டு விமானம் பயணிகளோடு அங்கு இறங்கியது. அடுத்த ஆண்டே கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் திறக்கப்பட்டது. 2023-இல் அந்த ஊரில் பதிவான இரவுத் தங்கல்கள் 12 இலட்சம். ஊரின் மக்கள்தொகையோ 70 ஆயிரத்தைத் தொடவில்லை.

எரிந்த ஊர் எழுந்து, இருட்டையும் குளிரையும் விற்றுச் சோறு தின்கிறதென்றால் அதை இகழ எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தாவையும் நான் பழிக்கமாட்டேன். 1927-இல் பின்லாந்து வானொலியில் குழந்தைகளுக்குக் கதை சொன்ன ஒருவர், தாத்தாவின் வீடு கொர்வாதுந்துரி மலையில் இருக்கிறது என்று அறிவித்தார். பின்னால் வணிகர்கள் அந்தத் தாத்தாவைப் போக்குவரத்துக்கு வசதியாக ரொவானியெமிக்குக் குடிமாற்றினார்கள். இது கதை என்று சொல்பவருக்கும் தெரியும். கேட்கும் குழந்தையைத் தவிர மற்றவர்க்கும் தெரியும். அந்தக் கிராமத்தில் ஆர்க்டிக் வட்டத்தைக் காட்டும் கோடு ஒன்று போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு இப்பால் ஒரு கால், அப்பால் ஒரு கால் என்று நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பூமியின் அச்சுச் சாய்வு சிறிது சிறிதாக மாறுவதால் உண்மையான வட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வடக்கே நகர்கிறது. கோடு மட்டும் நகராமல் படத்துக்கு நிற்கிறது! இருக்கட்டும், இதனால் கெட்டுப்போனவர் யாருமில்லை.

ஆனால் இதே சந்தையில் இன்னொரு வேடமும் விற்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகிய நான்கு நாட்டு வடபகுதிகளிலும் பரவி வாழும் பழங்குடியினர் சாமி மக்கள். (பெயரைப் படித்ததும் நமக்குக் கோயில் நினைவு வரும்; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) பின்லாந்தில் அவர்கள் ஏறக்குறைய 10 ஆயிரம் பேர். அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளேயே மூன்று சாமி மொழிகள் பேசப்படுகின்றன. காக்தி என்பது அவர்கள் உடை. அதன் நிறமும் பட்டியும் தையலும், உடுத்தியவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பதைத் தெரிந்தவர்க்குச் சொல்லிவிடும். ரொவானியெமி சாமி மக்களின் தாயகப் பகுதிக்குள் அடங்கிய ஊரே அன்று. ஆயினும் வட்டத்தைக் கடக்கும் பயணிகளுக்கு "லாப்லாந்து ஞானஸ்நானம்" என்றொரு சடங்கு நடத்தினார்கள். சாமி அல்லாதவர்கள் காக்தியைப் போலத் தைத்த உடையை மாட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு, மந்திரவாதிபோல் முணுமுணுத்தார்கள். பயணி நிஜமான பழங்குடியைப் பார்த்துவிட்டதாக நம்பி ஊர் திரும்பினார்.

என் அறை நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "இதிலென்னடா குற்றம்? நாடகத்தில் ராஜா வேடம் போடுகிறவன் ராஜாவா? தாத்தா வேடம் சரி, சாமி வேடம் மட்டும் தப்பா?" என்றான். நல்ல கேள்விதான். ராஜா வேடக்காரனைப் பார்த்துச் சிரித்தால் எந்த ராஜா வீட்டுப் பிள்ளையும் மறுநாள் பள்ளியில் தலைகுனிந்து உட்காருவதில்லை. தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகளே கிடையாது. சாமி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவர்களில் ஒரு தலைமுறையே வீட்டைவிட்டுப் பிரிந்து விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்தது. அங்கே பின்னிய மொழிதான் செல்லும். தாய்மொழி தாழ்ந்த மொழி. அந்தப் பள்ளியிலிருந்து திரும்பியவர்கள் தம் பிள்ளைகளிடம் தம் மொழியைப் பேசவே அஞ்சினார்கள். இன்று அதை மீட்க முயல்கிறார்கள். அந்த வேளையில், கரி பூசிய ஒருவர் அவர்கள் பெயரால் பல்லிளித்து நிற்பதை விளையாட்டென்று எப்படி எடுத்துக்கொள்வது?

இதில் எனக்கென்ன இத்தனை சூடு என்று கேட்கலாம். என் தந்தை ஆடு மேய்ப்பவர். அறுப்பு முடிந்தால் ஊர் ஊராகப் போய் வயல்களில் கிடை போடுவார். கம்பும் கம்பளியுமாக அவரைப்போல் ஒருவரை மேடையில் ஏற்றி, அவர் பேச்சை இழுத்து இழுத்துப் பேசவைத்துக் கைதட்டல் வாங்கும் கலைநிகழ்ச்சிகளை நானும் பார்த்திருக்கிறேன். எந்த ஆட்டுக்கு எப்போது குட்டி, எந்தத் தழையைத் தின்றால் வயிறு ஊதும், மழை எந்தத் திக்கில் இறங்கும் என்ற அவருடைய படிப்பு எதுவும் அந்த மேடைக்கு வருவதில்லை. கம்பளி மட்டுந்தான் வருகிறது. பனிமான் மேய்க்கும் சாமி ஒருவரிடம் "உங்களுக்கு எத்தனை மான்?" என்று கேட்பது மரியாதையன்று என்று படித்தேன். ஒருவரிடம் வங்கியில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அது சமம். என் தந்தையிடம் ஆட்டுக்கணக்கைக் கேட்டாலும் "இருக்குது கொஞ்சம்" என்பார். அவ்வளவுதான் பதில்.

2018-இல் பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் சுற்றுலாவுக்கென்று நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. எங்களைப் பற்றித் தவறான தோற்றம் தராதீர்கள், எங்கள் பண்பாட்டை எங்களைக் கேட்காமல் பண்டமாக்காதீர்கள் என்பது அதன் சாரம். ஒரு நாடாளுமன்றம் கூடி இதைச் சொல்லவேண்டி வந்தது!

நாய் வண்டியின் கதை வேறு. சாமி மக்கள் நெடுங்காலம் பயணம் செய்தது பனிச்சறுக்குப் பலகையிலும், பனிமான் இழுக்கும் வண்டியிலும். ஹஸ்கி நாய் சைபீரியா, அலாஸ்கா பக்கத்துச் சொத்து. லாப்லாந்துக்குச் சுற்றுலாவோடு வந்தது. பயணிக்கு வடக்கென்றால் நாய் வண்டி என்று மனத்தில் பதிந்திருந்தது. பதிந்ததை வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆனால் நாய் உயிர். பனிக்காலம் சில மாதம், பசி பன்னிரண்டு மாதம். 2020-இன் இறுதியில் பெருந்தொற்றால் வெளிநாட்டு விமானங்கள் வராதபோது, நூற்றுக்கணக்கில் நாய் வைத்திருந்த பண்ணைக்காரர்கள் தீனி போட வழியின்றித் திண்டாடினார்கள். ஒரே பயிரை நம்பிய உழவனின் நிலைதான்.

இனிப் பனிக்கு வருவோம். விற்பனைப் பொருளே அதுதானே. ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது என்று பின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். காரணங்களில் ஒன்று நம் பாடத்தில் உள்ளதே. புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனியுருகித் திறந்த கடல்நீரோ பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். உருக உருகச் சூடு. சூடேறச் சூடேற உருகல். 2018 நவம்பரில் ரொவானியெமியில் பனி விழத் தாமதமாயிற்று. பயண நிறுவனங்கள் சில, பருவத்தின் முதல் பயணங்களை இரத்துச் செய்தன. லெவி போன்ற சறுக்கு மலைகளில் வசந்தத்திலேயே பனியை மலைபோல் குவித்து, வெப்பம் புகாத போர்வையால் மூடி, கோடை முழுவதும் காத்து, அக்டோபரில் பிரித்துச் சரிவில் பரப்புகிறார்கள். நம் ஊரில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பார்களே, அதே தத்துவம்.

சறுக்கு மலைக்கு இந்த உபாயம் உதவும், பனிமானுக்கு உதவாது. குளிர்காலத்தில் அது பனியைக் குளம்பால் தோண்டி அடியிலுள்ள லைக்கனைத் தின்று பிழைக்கிறது. மென்பனியென்றால் தோண்டிவிடும். ஆனால் குளிர்காலத்து நடுவே மழை பெய்து மறுநாள் உறைந்தால், தரையின்மேல் கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி படிந்துவிடும். குளம்பு வழுக்கும், உணவின் மணமும் மேலே வராது. அப்போது மேய்ப்பவர் வைக்கோல் வாங்கிப் போடவேண்டும். இல்லையேல் மான் சாகும். வைக்கோலுக்குச் செலவிட்ட ஆண்டில் மேய்ப்பவருக்கு மிஞ்சுவது என்ன என்று என் தந்தையைக் கேட்டால் சொல்வார்.

இந்த நிலையில், இங்கிலாந்திலிருந்து காலையில் விமானமேறி, லாப்லாந்தில் சில மணி நேரம் பனியில் விளையாடி, தாத்தாவைப் பார்த்து, இரவே வீடு திரும்பும் ஒருநாள் பயணங்கள் விற்கப்படுகின்றன. போகவர 4,000 கிலோமீட்டருக்கு மேல். பனியைப் பார்க்கப் போகும் புகையே பனியைக் கரைக்கிறது. இதை நான் ஆதரிக்க முடியாது. யாரும் போகவேண்டாம் என்பது என் கட்சியல்ல. போகிறவர் மெல்லப் போகட்டும், தங்கட்டும் என்கிறேன். ஹெல்சின்கியிலிருந்து ரொவானியெமிக்கு மின்சார இரயில் இரவு முழுவதும் ஓடுகிறது. ஏறிப் படுத்தால் விடியும்போது வடக்கு. (விடியல் என்பது டிசம்பரில் அங்கே பேருக்குத்தான்.)

தங்குகிறவருக்கே துருவ ஒளியும் கிட்டும். விளம்பரத்தில் அதை நிச்சயம்போல் போடுகிறார்கள். சூரியன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களின் ஆரவாரத்தால் பூமியின் காந்த மண்டலம் கலங்கி, எலக்ட்ரான்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் பாய்கின்றன. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே ஆக்சிஜன் அணு கிளர்ச்சியுற்று 557.7 நானோமீட்டர் அலைநீளப் பச்சையை உமிழ்கிறது. அதே அணுவின் 630 நானோமீட்டர்ச் சிவப்பு இன்னும் மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில்தான் தோன்றும். அந்தக் கிளர்ச்சி நிலை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பது. கீழே அதற்குள் வேறு துகள் மோதி ஆற்றலைப் பறித்துவிடும். நிறமாலைப் பாடத்தில் வெறும் எண்ணாகப் படிக்கும் இதை ஒருமுறை வானத்தில் பார்க்க எனக்கும் ஆசை உண்டு. மறைப்பானேன்?

ரொவானியெமிக்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால் இனாரி என்னும் சிற்றூர் இருக்கிறது. சாமி நாடாளுமன்றம் அங்கேதான். சீதா என்ற பெயரில் சாமி மக்களின் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. 2021-இல் பின்லாந்து தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 2,000-க்கும் மேற்பட்ட சாமிப் பொருள்களை அதற்குத் திருப்பிக் கொடுத்தது. 2024-இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதையும் அது பெற்றது. காலையில் வந்து இரவில் திரும்பும் விமானத்தில் இறங்குகிறவருக்கு அங்கே போய்வர நேரமிருக்காது.