சைக்கிள் சீட்டைத் தூக்கலாம், கோட்டைத் தாண்டலாமா?

"இன்னும் கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே!"

சைக்கிள் கடைகளில் தினமும் கேட்கிற குரல் இது. பையன் வளர்ந்துவிட்டான். பெடல் மிதித்தால் முட்டி வலிக்கிறது. புது சைக்கிள் வாங்க வீட்டில் வசதி இல்லை. கடைக்காரர் ஸ்பேனரை எடுக்கிறார். போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை மேலே இழுத்து, மறுபடி முறுக்கி விடுகிறார். பையன் பறக்கிறான்.

சீட் கம்பி பிரேமுக்கு உள்ளே எத்தனை அங்குலம் மிச்சம் இருக்கிறது? பையனும் பார்க்கவில்லை. கடைக்காரரும் பார்க்கவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கோடு எதற்கு?

சீட் கம்பியை உருவிப் பார்த்தால் கீழ்ப்பக்கம் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதுதான் எல்லை. அந்தக் கோடு வெளியே தெரிந்தால் சீட் அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

கோட்டுக்குக் கீழே, கம்பியின் கனத்தைப் போல் 2 மடங்கு நீளமாவது இருக்க வேண்டும் என்கிறது சைக்கிள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேச பாதுகாப்பு விதி. ஒரு அங்குல கனமுள்ள கம்பி என்றால் 2 அங்குலம். இது கடைசி எல்லை. இன்னும் ஆழமாக இறங்கியிருந்தால் நல்லது.

பந்தக்காலை ஆழமாக நட்டால் நிற்கும். மேலாக நட்டால் ஆடும், பிடுங்கிக்கொள்ளும். சீட் கம்பியும் அப்படித்தான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உட்கார்ந்திருப்பவரின் முழு எடையும் கம்பியை நெம்புகிறது. உள்ளே கம்பி குறைவாக இருந்தால், நெம்புகிற வேகம் அத்தனையும் பிரேமின் வாய்ப்பகுதியில் விழும். முதலில் 'கிரீச்' சத்தம் வரும். அப்புறம் சீட் ஆடும். கடைசியில் கம்பி வளையும், அல்லது பிரேம் விரியும். ஓடுகிற சைக்கிளில் சீட் கழன்றால், பின்னால் பஸ் வந்தால் என்ன கதி?

சில இடங்களில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. கம்பி ஒல்லியாக இருந்தால் தகரத் துண்டைச் சுற்றிச் செருகி இறுக்குகிறார்கள். இது வைத்தியம் இல்லை. சரியான கனமுள்ள கம்பியைத்தான் போட வேண்டும்.

எவ்வளவு உயரம்?

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டு போங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம்; அப்போது முட்டி லேசாக மடங்கும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் அதிக உயரம். ஓட்டப் பழகும் சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். இரண்டு காலும் தரையைத் தொட வேண்டும்.

யார் சொல்வது?

"வேணாம்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்பது கடைக்காரர்கள் பக்கத்து நியாயம். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் "முடியாது" என்று மட்டும் சொல்ல வேண்டியதில்லையே! "இந்தக் கம்பி பத்தாது, நீளக் கம்பி போடுறேன்" என்று சொல்லலாம். கடைக்கும் வியாபாரம், பையனுக்கும் பாதுகாப்பு.

பள்ளிக்கூடங்களுக்கும் பொறுப்பு உண்டு. 2001-02-ம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ-மாணவிகளுக்கும் விரிவடைந்தது தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம். பிளஸ்-1 படிக்கும்போது அக்காள் வாங்கிய சைக்கிளை அப்புறம் தம்பி ஓட்டுகிறான். சீட் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. சைக்கிள் கொடுக்கும் நாளில் பெல், பிரேக்கோடு இந்தக் கோட்டையும் காட்டிக் கொடுக்க 5 நிமிஷம் போதும். டிரில் மாஸ்டரே செய்துவிடலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் சைக்கிளை ஒரு தடவை பாருங்கள். கோடு துருவில் மறைந்திருந்தால் கம்பியை உருவி, அடி நுனியில் இருந்து 3 அங்குலம் அளந்து பெயிண்டால் கோடு போடுங்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு சீட் ஏறக்கூடாது. இறக்கினால் கால் இடிக்கிறதா? நீளக் கம்பி வாங்குங்கள். மாவுக்கட்டுச் செலவை விட அது குறைவுதான்.